எதிரே வருபவரின் கண்கள்

ஏற்காட்டில் மாலைப்பொழுது நீடிப்பதில்லை. கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஆறு மணியளவில் கதிரவன் மலைமுகட்டுக்குப் பின்னால் இறங்கிவிடுவான். அதன்பின் அரைமணி நேரத்திற்குள் நன்றாக இருட்டிவிடும். அந்த வேளையில் ஏரிக்கரையில் நிற்போருக்குக் கடைகளின் ஒளியும் விடுதிகளின் ஒளியும் துணையாக உண்டு. ஊரைத் தாண்டி நாகலூர்ச் சாலையில் சிறிது தொலைவு சென்றுவிட்டால் அந்தத் துணை அகன்றுவிடும். இருமருங்கும் காப்பித் தோட்டங்கள். அவற்றுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள். மரங்களைத் தழுவி ஏறிய மிளகுக் கொடிகள். பகலில் கண்ணுக்குக் குளிர்ச்சி தரும் அதே நிழல், இரவில் நிலவொளியையும் சாலைமீது விழவிடாது.

பணி ஓய்வு பெற்றபின் நாம் இம்மலையில் குடியேறினோம். அந்தச் சாலையில் ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு சிற்றூரில், தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மாலைதோறும் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்து வருகிறோம். வகுப்பு முடிய இரவு ஏழரை ஆகும். அந்நேரத்திற்கு ஏற்ற பேருந்து கிடையாது. இளமை முதல் பழகிய மிதிவண்டியே நமக்கு வாகனம். ஏற்றங்களில் இறங்கித் தள்ளுவோம். இறக்கங்களில் பிரேக்கைப் பிடித்தபடி மெல்ல உருளுவோம். சேலத்திலிருந்து மேலே வரும் பெருஞ்சாலையைப் போல இருபது கொண்டை ஊசி வளைவுகள் இங்கே இல்லை. ஆயினும் எதிரே என்ன வருகிறது என்பதைக் கடைசி நொடிவரை மறைத்து வைக்கும் திருப்பங்கள் உண்டு. சில நாட்களில் அத்திருப்பங்களில் காட்டுமாடுகள் நிற்கும். கரிய உடல், கரிய சாலை. ஒளி பட்டுக் கண்கள் மின்னினால்தான் அங்கே ஓர் உயிர் இருப்பது தெரியும்.

இப்படிப்பட்ட பாதையில் செல்பவருக்கு முன்விளக்கு ஓர் அலங்காரமன்று. எந்த விளக்கைத் தேர்ந்தெடுப்பது என்னும் சிறிய கேள்வி, சில ஆண்டுகளுக்கு முன் நம்மை ஒரு பெரிய கேள்வியின் முன் கொண்டுபோய் நிறுத்தியது. அதை வாசகர்களிடம் மனம்விட்டுச் சொல்லவே இக்கட்டுரை.

நம் தந்தையாரின் மிதிவண்டியில் மண்ணெண்ணெய் விளக்கு ஒன்று தொங்கியது நினைவிருக்கிறது. உள்ளே ஒரு திரி. முன்னே ஒரு கண்ணாடி. வண்டி குழியில் இறங்கினால் சுடர் துடிக்கும். காற்று வீசினால் அணையும். விளக்கில்லாமல் மிதிவண்டி ஓட்டுவோரைக் காவலர்கள் நிறுத்தி அபராதம் விதித்த காலம் அது. ஆகவே வீடு திரும்புமுன் தந்தையார் முதலில் தேடுவது தீப்பெட்டியைத்தான். ஒருநாள், "இந்த விளக்குல ரோடு தெரியுதாப்பா?" என்று கேட்டோம். "நமக்கு ரோடு தெரியறதுக்கா இது? நாம வர்றது மத்தவனுக்குத் தெரியணும்டா" என்றார். பள்ளிக்கூடம் போகும் வயதில் அந்த விடையின் எடை நமக்குத் தெரியவில்லை.

திருவிழாக் கடைகளில் எரிந்த கார்பைடு விளக்கைப் பலரும் பார்த்திருப்பார்கள். கால்சியம் கார்பைடின்மேல் நீர் சொட்டினால் அசிட்டிலீன் வாயு எழும். அதைப் பற்றவைத்தால் வெண்ணிறச் சுடர் கிடைக்கும். மின்விளக்கு பரவுமுன் மேலைநாடுகளில் மிதிவண்டிகளுக்கும் இதே விளக்கைப் பொருத்தினார்கள். பின்னர் டைனமோ வந்தது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல், சக்கரத்தோடு உரசிச் சுழலும் ஒரு சிறு குப்பிக்குள் அடங்கி ஏழையின் வாகனத்துக்கும் ஒளி தந்தது. உருளை சுழன்றால் உள்ளிருக்கும் காந்தம் சுழலும். சுற்றியுள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கும். ஆறு வோல்ட், மூன்று வாட். முன்விளக்குக்கு 2.4 வாட், பின்விளக்குக்கு 0.6 வாட் என்பது வழக்கமான பங்கீடு.

நாமும் டைனமோ விளக்கைத்தான் நெடுங்காலம் வைத்திருந்தோம். எண்ணெய் வேண்டாம், மின்கலம் வேண்டாம், கால் மிதித்தால் ஒளி. உழைப்பே வெளிச்சமாகிறது என்று மாணவர்களுக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறோம். ஆனால் மலையில் அதன் குறைகள் தெரிந்தன. ஏற்றத்தில் வண்டியின் வேகம் குறையக் குறைய ஒளியும் மங்கும், இறங்கித் தள்ளும்போது மின்மினி அளவாகும், நின்றால் அணைந்துவிடும். திருப்பத்தில் நின்று, எதிரே வருவது லாரியா மாடா என்று பார்க்க வேண்டிய வேளையில் கையில் விளக்கு இருந்தும் இருளே மிஞ்சும். மழையில் டயர் நனைந்தால் உருளை வழுக்கும், காந்தம் சுழலாது. இவற்றோடு நம் வயதும் சேர்ந்துகொண்டது. அறுபதைக் கடந்த கண்ணின் வில்லை தெளிவை இழக்கத் தொடங்கும். இருபது வயதில் போதுமாயிருந்த ஒளி இப்போது போதாது.

2018ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் ஓர் இரவு, டைனமோ வழுக்கி விளக்கு அணைந்த நிலையில் சாலையோரத்து மைல்கல்லில் மோதி விழுந்தோம். முழங்கால் சிராய்ப்போடு தப்பினோம். மறுநாளே சேலத்திற்கு இறங்கி, நல்லதொரு விளக்கு வாங்குவது என்று முடிவு செய்தோம்.

கடையில் கண்ணாடிப் பேழை நிறைய விளக்குகள். எல்லாம் எல்.இ.டி. விளக்குகள். இவற்றின் பிறப்புக்குக் காரணமான நீலநிற எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்காக அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டதை வகுப்பில் சொல்லியிருக்கிறோம். நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பூச்சு ஒன்றைச் சேர்த்தால் வெள்ளொளி கிடைக்கிறது. பழைய இழைப் பல்பு தான் பெறும் ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாக்கி வீணடிக்கும். எல்.இ.டி. ஒரு வாட்டில் ஏறத்தாழ நூறு லூமன் ஒளியைத் தந்துவிடும். பெட்டிகளின்மேல் 200, 400, 1000 லூமன் என்று எண்கள் அச்சிடப்பட்டிருந்தன. எண் பெரிதாகப் பெரிதாக விலையும் ஏறியது.

முப்பத்து மூன்று ஆண்டுகள் இயற்பியல் கற்பித்த நாம் அன்று என்ன செய்தோம்? பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்தோம். விழுந்த வலி முழங்காலில் இருந்தது. அச்சம் மனத்தில் இருந்தது. அச்சத்தோடு கடைக்குப் போகிறவன் அளவறிந்து வாங்குவதில்லை. ஆயிரம் லூமன் விளக்கைக் கைப்பிடியில் பொருத்தி, நேர்கிடையாக நிமிர்த்தி வைத்தோம். நம் ஊர் மிதிவண்டிக் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "என்னங்க சார், ரோட்டுக்குத்தான லைட்டு? மரத்து மேல குருவிக்கூடு ஏதும் தேடப் போறீங்களா?" என்றார். சிரித்துவிட்டுப் போய்விட்டோம். அந்தச் சிரிப்பில் கற்றவன் என்னும் செருக்கும் கொஞ்சம் இருந்தது.

முதல் வாரம் மகிழ்ச்சியாகவே கழிந்தது. சாலை பகல்போல் தெரிந்தது. தோட்டத்து வேலிக்கம்பிகள் தெரிந்தன. மிளகுக் கொடியின் இலைகள் தெரிந்தன. மரக்கிளைகளெல்லாம் ஒளியில் குளித்தன. நம் வெளிச்சத்தில் பாதி சாலைக்குப் போகவில்லை என்பதற்கு அக்கிளைகளே சாட்சி. நாம் அதை உணரவில்லை.

இரண்டாம் வாரம் மூடுபனி இறங்கியது. விளக்கை முழு வலிமையில் ஏற்றினோம். முன்னே ஒரு வெள்ளைச் சுவர் எழுந்தது. அதற்கப்பால் ஒன்றும் தெரியவில்லை. மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் நீர்த்துளிகள். அவற்றின்மேல் படும் ஒளி நாற்புறமும் சிதறும். ஒரு பகுதி அனுப்பியவரின் கண்ணுக்கே திரும்பும். விளக்கு கண்ணுக்கு அருகில் இருக்க இருக்க, ஒளி வலிமையாக இருக்க இருக்க, திரும்புவதும் மிகும். மஞ்சள் விளக்கு பனியை ஊடுருவும் என்று சிலர் சொல்வதுண்டு. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியவை. ஆதலால் எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிக்கின்றன. நிறத்தை மாற்றிப் பெரும்பயன் இல்லை. விளக்கைத் தாழ்த்தி, ஒளியைக் குறைத்து, வேகத்தையும் குறைப்பதே வழி. அன்றிரவு நாம் வண்டியை விட்டிறங்கி, விளக்கை அணைத்துவிட்டு, சாலையோர வெள்ளைக் கோட்டைப் பார்த்தபடி நடந்தே வீடு சேர்ந்தோம். அதை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

நடக்கக்கூடாதது கார்த்திகை மாதத் தொடக்கத்தில் நடந்தது. வானம் தெளிவாக இருந்த இரவு. ஒரு திருப்பத்தில் நாம் வளைந்தபோது, எதிரே ஒரு மிதிவண்டி இறக்கத்தில் வந்துகொண்டிருந்தது. அதில் விளக்கு இல்லை. நம் ஒளியில் ஒரு முகமும், அம்முகத்தை மறைக்க உயர்ந்த ஒரு கையும் தெரிந்தன. அடுத்த நொடியில் வண்டி சாலையை விட்டு விலகி ஓரத்துக் கால்வாயில் இறங்கியது. இறங்கி ஓடினோம். நம் வகுப்பில் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் பயிலும் மாணவன். காய்ச்சலால் அன்று வகுப்புக்கு வராதவன், மாத்திரை வாங்க ஊருக்குப் போய்விட்டு வேறொருவர் வீட்டுக்குச் சென்று திரும்பிக்கொண்டிருந்திருக்கிறான். வலது மணிக்கட்டைப் பிடித்தபடி, "சார், நீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் கையை அசைக்கக்கூடாது என்றார்கள். அரையாண்டுத் தேர்வுக்கு ஒரு மாதமே இருந்தது.

மருத்துவமனைத் திண்ணையில் அமர்ந்திருந்த அந்த இரவில் நம் உள்ளம் என்னென்ன வழக்காடியது என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். அவன் வண்டியில் விளக்கில்லை. அது அவன் பிழை. இறக்கத்தில் வேகமாக வந்தான். அதுவும் அவன் பிழை. நாம் நம் பக்கத்தில்தான் சென்றோம். நம்மிடம் விளக்கு இருந்தது. இவ்வாறு ஒவ்வொரு நியாயமாக எடுத்து அடுக்கிக்கொண்டே போனோம். அடுக்கு உயர உயர மனம் இலேசாகவில்லை. நள்ளிரவில் அவன் தந்தை வந்தார். காப்பித் தோட்டத்தில் கூலி வேலை பார்ப்பவர். நம்மைக் கண்டதும் கைகூப்பினார். "பையன் உங்கள ஒண்ணும் குத்தம் சொல்லலீங்க சார். சூரியன் எதிர வந்தாப்புல இருந்துச்சுப்பான்னுதான் சொன்னான்" என்றார்.

அவர் குறை சொல்லியிருந்தால் மறுமொழி சொல்லியிருப்போம். குறை சொல்லாமையால் நாம் அடுக்கியிருந்த நியாயங்கள் சரிந்தன.

இருளுக்குப் பழகிய கண் என்பது பொறுமையாகச் சேர்த்த செல்வம். விழித்திரையின் கோல் செல்கள் முழு உணர்திறன் பெற இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். முழுநிலவின் ஒளி தரையில் கால் லக்ஸ் அளவே இருக்கும். அதில்கூடப் பாதை தெரிவது அந்தப் பழக்கத்தால்தான். அச்செல்வத்தை ஒரு கடும் ஒளி சில நொடிகளில் பறித்துவிடும். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஒரு நொடியில் நான்கு மீட்டர் கடக்கிறார். மூன்று நொடி கண் கூசினால் பன்னிரண்டு மீட்டர் குருடராகச் செல்கிறார். இவையெல்லாம் நாம் கரும்பலகையில் எழுதிக் காட்டிய செய்திகள். கரும்பலகையில் எழுதியதைச் சாலைக்குக் கொண்டுபோக மறந்துவிட்டோம்.

அதன்பின்தான் விளக்கைப்பற்றி ஒழுங்காகச் சிந்தித்தோம். முதல் கேள்வி, எவ்வளவு தொலைவு தெரிய வேண்டும் என்பது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர், ஆபத்தைக் கண்டு பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை நொடி எடுத்துக்கொண்டால் அதற்குள் எட்டு மீட்டர் நகர்ந்திருப்பார். ஈரச்சாலையில் வண்டி நிற்க மேலும் ஆறேழு மீட்டர். ஆக, 15 மீட்டர் தெரிந்தால் ஒருவாறு போதும். 30 கிலோமீட்டர் வேகமென்றால் 25 மீட்டருக்கு மேல் தெரிய வேண்டும். பிரேக் கட்டைகள் நனைந்திருந்தால் தொலைவு இன்னும் கூடும். நம் வேகத்துக்கு ஆயிரம் லூமன் தேவையே இல்லை என்பது நான்கு வரிக் கணக்கில் தெரிந்துவிட்டது. விளக்கை வலுவாக்குவதைவிட வேகத்தைக் குறைப்பது மலிவான பாதுகாப்பு என்பதும் தெரிந்தது.

இரண்டாம் கேள்வி, அந்த ஒளி எங்கே விழ வேண்டும் என்பது. லூமன் என்பது விளக்கிலிருந்து வெளிவரும் ஒளியின் மொத்த அளவு. லக்ஸ் என்பது ஓரிடத்தில் வந்து விழும் ஒளியின் அளவு. ஒருவரது ஊதியம் எவ்வளவு என்பதும், அதில் வீட்டு உலைக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பதும் வேறு வேறு அல்லவா? பெட்டியில் அச்சிட்டிருப்பது ஊதியம். சாலைக்குத் தேவை உலைக்கு வருவது.

ஜெர்மனியில் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவருக்கு நடந்ததை எழுதினோம். அவர் நீண்ட மடல் வரைந்தார். அந்நாட்டில் மிதிவண்டி விளக்குக்கும் சாலைச் சட்டம் உண்டு. பத்து மீட்டர் தொலைவில் குறைந்தது பத்து லக்ஸ் ஒளி விழ வேண்டும். குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் ஒளி செல்லாதபடி, காரின் தாழ்விளக்கைப் போல மேல்விளிம்பு வெட்டப்பட்டிருக்க வேண்டும். மிதிவண்டியில் மின்னிமின்னி அணையும் விளக்குக்கு அங்கே இடமில்லை. 2013 வரை டைனமோ கட்டாயமாக இருந்தது. அதன்பிறகே மின்கல விளக்குகளுக்கு முழு இசைவு கிடைத்தது. விளக்கைச் சாய்ப்பதற்கும் நெடுங்காலம் ஓர் எளிய அளவு இருந்தது: ஐந்து மீட்டர் தொலைவில், ஒளிவட்டத்தின் மையம் விளக்கின் உயரத்தில் பாதியளவே இருக்க வேண்டும். விளக்கு தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், ஐந்து மீட்டரில் 40 சென்டிமீட்டர். பத்து மீட்டரில் தரை. கணக்கு அழகாகப் பொருந்துகிறது. "சார், இங்க எல்லாரும் விளக்கு வாங்கறப்போ எதிர்ல வர்றவங்களையும் சேத்து நெனச்சுத்தான் சட்டம் போட்டிருக்காங்க" என்று மடலை முடித்திருந்தார்.

நம் நாட்டுக் கடைகளில் மேல்விளிம்பு வெட்டிய விளக்கு எளிதில் அகப்படுவதில்லை. பெரும்பாலானவை கைவிளக்கைப் போல வட்டமாக ஒளியைக் கொட்டுபவை. அத்தகைய விளக்கையும் தாழச் சாய்த்து, குறைந்த ஒளியில் பயன்படுத்தினால் தீங்கு பெரிதும் குறையும். ஆயிரம் லூமன் விளக்கைத் தனியே வைத்துவிட்டு, இருநூறு லூமன் விளக்கு ஒன்றை வாங்கினோம். அதைக் கைப்பிடியில் வைக்காமல் முன்சக்கரத்தின் மேலே, ஃபோர்க்கின் தலைப்பில் பொருத்தினோம். தாழ்வாக இருப்பதால் பனியில் கண்ணுக்குத் திரும்பும் ஒளி குறைகிறது. சாலைக் குழிகளின் நிழல் நீண்டு விழுவதால் பள்ளம் தெளிவாகத் தெரிகிறது. தலையில் மாட்டும் விளக்கையும் எண்ணிப் பார்த்தோம். திருப்பங்களில் அது நன்மை தரும். ஆனால் எதிரே வருபவரை நாம் பார்க்கும் அக்கணமே அவர் கண்ணில் ஒளியை எறியும். வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

மின்கலத்திலும் கணக்கு உண்டு. விரல்பருமனுள்ள ஒரு லித்தியம் மின்கலம் ஏறத்தாழ பத்து வாட்-மணி ஆற்றலைத் தாங்கும். ஆயிரம் லூமனுக்கு அது ஒரு மணி நேரம். இருநூறு லூமனுக்கு நான்கைந்து மணி நேரம். மலையில் மின்வெட்டு நேரும் நாட்களில் இந்த வேறுபாடு சிறியதன்று. மழைக்கு, ஐ.பி.எக்ஸ்.4 என்னும் குறியீடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எத்திசையிலிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும் என்பது அதன் பொருள். இவற்றோடு சட்டைப்பையில் ஒரு சிறு கைவிளக்கும் இருக்கட்டும். எந்த விளக்கும் ஒருநாள் அணையும்.

ஆனால் இவை அனைத்தும் நம் வண்டியைப்பற்றிய சிந்தனை. அந்த மாணவனின் வண்டியில் விளக்கில்லை என்பதை நாம் மருத்துவமனைத் திண்ணையில் குற்றச்சாட்டாகச் சொல்லிக்கொண்டோமே, அது வேறுவிதமாக நம்மிடமே திரும்பி வந்தது. நம் வகுப்புக்கு மிதிவண்டியில் வரும் பிள்ளைகள் பதினொருவர். ஒருவர் வண்டியிலும் விளக்கில்லை. இருட்டியபின் அவர்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர் நாம். ஒளியைப்பற்றிப் பாடம் நடத்திவிட்டு இருளில் அனுப்பினோம். ஒருநாளாவது கேட்டதுண்டா? இல்லை.

அந்த மாத ஓய்வூதியத்தில் பதினொரு சிறிய விளக்குகள் வாங்கினோம். விலை பெரிதன்று, பெருந்தன்மை என்று யாரும் கருத வேண்டாம், தாமதமாகச் செலுத்திய கடன். ஒரு சனிக்கிழமை மாலை, இருட்டத் தொடங்கியதும், வண்டிகளைப் பள்ளிச் சுவருக்கு முன் வரிசையாக நிறுத்தினோம். ஐந்து மீட்டர் அளந்து தரையில் கோடு கிழித்தோம். ஒவ்வொரு விளக்கின் உயரத்தையும் அளந்து, அதில் பாதியைச் சுவரில் சுண்ணக்கட்டியால் குறித்தோம். குறியில் ஒளி விழும்வரை விளக்கைச் சாய்த்துத் திருகாணியை முடுக்கினோம். முக்கோணமும் விகிதமும் அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் புரிந்ததுபோல் வேறெந்த நாளும் புரிந்ததில்லை.

மாவுக்கட்டோடு அவனும் வந்திருந்தான். கையால் வேலை செய்ய இயலாத அவனுக்கு ஒரு பணி கொடுத்தோம். சாலையின் கடைசியில் போய் நின்று, ஒவ்வொரு வண்டியும் வரும்போது அதற்கு எதிரே நடந்து வர வேண்டும்; கண் கூசுகிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். அளவுகோல் சரியென்று சொன்ன இரண்டு விளக்குகளை அவன் கண் தவறென்றது. "இன்னும் கொஞ்சம் எறக்குங்க சார்" என்றான். இறக்கினோம். கடைசியாக நம் வண்டி. நாம் மெல்ல ஓட்டிச் சென்றோம். எதிரே நடந்து வந்தவன் முகத்துக்கு நேரே கையை உயர்த்தவில்லை. அருகில் வந்ததும், "இப்பச் சரிங்க சார். உங்க மூஞ்சி தெரியுது" என்றான்.

நம் விளக்கு நமக்குப் போதுமா என்பதை நாமே சொல்லிவிடலாம். அது நல்ல விளக்கா என்பதை எதிரே வருபவர்தான் சொல்ல வேண்டும். கடைக்காரரும் பெட்டியில் அச்சிட்ட எண்ணும் அதைச் சொல்ல முடியாது. தந்தையாரின் மண்ணெண்ணெய்ச் சுடர் சாலையைக் காட்டவில்லை; ஆயினும் அவர் யாரையும் கால்வாயில் தள்ளியதில்லை. அந்தச் சுடருக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லமாட்டோம். நம் கண்ணுக்கும் ஒளி வேண்டும். காட்டுமாடும் குழியும் தெரிய வேண்டும். ஒளியைச் சாலையில் வைத்து, எதிரே வருபவரின் முகத்துக்குக் கீழே நிறுத்துவது இயலும் என்பதையே அந்தச் சுண்ணக்கட்டிக் கோடுகள் நமக்குக் கற்பித்தன.

அரையாண்டுத் தேர்வை அவன் எழுத இயலவில்லை. ஆண்டு இறுதித் தேர்வுக்கு முன் கை சரியாயிற்று. கட்டுப் பிரித்தபின் எழுத்து சில மாதங்கள் கோணலாகவே இருந்தது. அந்தக் கோணல் எழுத்துள்ள கணக்கு நோட்டு ஒன்றை நாம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறோம்.

இப்போது அவன் சேலத்தில் வேலை பார்க்கிறான். சென்ற பொங்கல் விடுமுறையில், வகுப்பு முடித்து வழக்கம்போல் திரும்பிக்கொண்டிருந்தோம். அதே திருப்பம். எதிரே மோட்டார் சைக்கிள் ஒன்றின் பேரொளி வளைந்து வந்தது. நாம் ஓரம் ஒதுங்குமுன் அந்த ஒளி சட்டெனத் தாழ்ந்து தரைக்கு இறங்கியது. வண்டி அருகில் வந்து நின்றது. தலைக்கவசத்தைக் கழற்றியபடி அவன் சிரித்தான்.

"கண்ணு கூசலீங்களே சார்?"